அப்பாவின் கைக்காக இலேசாக்கிய ஸ்டீயரிங்

எங்கள் அப்பா கண்மூடி ஒரு வருஷம் நிறைகிறது. அவருக்குப் படையல் போட்டுக் கும்பிட வந்து, போகும்போது இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிச் செல்லும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகனாகிய என் வணக்கம்.

எங்கள் குடும்பத்துச் சேதி ஒன்று அச்சில் ஏறுவது இதுதான் முதல் தடவை. இதற்கு முன் எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் ஆள் அனுப்பி வாய்ச்சொல்லாகப் போய்ச் சேர்ந்ததோடு சரி. வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்ப்பது என் வேலை. பிறர் வீட்டு நினைவு மலர்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். அவற்றில் இறந்துபோனவர் யாரோடும் மனஸ்தாபப்பட்டதே இல்லை. அவருக்கும் யாரும் ஒரு தீங்கும் நினைத்ததில்லை. நானும் அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். "நல்லதை மட்டும் எழுதுய்யா" என்று அம்மாவும் சொன்னார். எழுதி எழுதிக் கிழித்தேன். நல்லதை மட்டும் எழுதினால் அது வேறு யாரோ ஒருவருடைய அப்பாவாக ஆகிவிடுகிறது.

அப்பா பிறந்தது தாயில்பட்டியை ஒட்டிய ஒரு கரிசல்காட்டுச் சிற்றூரில். தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மீசை முளைக்கும் முன்பே அப்பா பருத்தி எடுத்தார், கிணறு வெட்டப் போனார், பிறகு விருதுநகர்ச் சரக்குக் கிட்டங்கிகளில் மிளகாய் வத்தல் மூடை சுமந்தார். அங்கே வந்து நிற்கும் லாரியைத் துடைத்துக் கொடுக்கப் போனவர் கிளீனரானார். சில வருஷங்களில் டிரைவரும் ஆனார். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். மைல்கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தப் பள்ளம் வரும் என்பது தெரியும்.

தீப்பெட்டிக்குப் பேர்போன சீமையில் அப்பாவின் சட்டைப் பையில் மட்டும் தீப்பெட்டி இருந்ததில்லை. முன்பு பீடி குடித்தவர்தான். பட்டாசு லோடு ஏற்ற ஆரம்பித்த அன்றே விட்டுவிட்டார். "லோடு இறக்கினப்புறம் ஒண்ணு பத்தவச்சா என்னண்ணே?" என்று லோடுமேன்கள் கேட்டால், "லோடு இருக்கா இறங்கிருச்சான்னு வாயிக்கு என்னலே தெரியும்?" என்பார்.

அம்மாவுடன் பிறந்த தம்பி, என் தாய்மாமா, மிலிட்டரி ஏலத்தில் பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டி ஒன்றை எடுத்து வந்தார். பச்சை நிறம், இடப்பக்கம் ஸ்டீயரிங். மாமா கடும் உழைப்பாளி. அதை மறைக்க மாட்டேன். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி ஆர்டர் பிடித்தது அவர். வண்டியை ஓட்டியது அப்பா. பட்டாசுப் பெட்டிகளை விருதுநகர் ரயிலடிக்கு ஏற்றிப்போவார். திரும்பி வரும்போது காகிதக் கட்டும் அட்டைக் கட்டும் ஏற்றி வருவார். சீசன் இல்லாத மாதங்களில் வத்தல் மூடை.

அந்த வண்டியின் ஸ்டீயரிங் பாரம் ஊரறிந்த விஷயம். ஓட்டத்தில் தெரியாது. நின்ற இடத்தில் திருப்பும்போதுதான் தெரியும். பட்டாசுக் கம்பெனியில் ஷெட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும். பெட்டி ஏற்றும் இடத்துக்குப் பின்பக்கமாகவே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு லோடு சேர்வதற்குள் அந்தப் பிக்கப்பை எத்தனையோ தடவை ஒடித்துத் திருப்ப வேண்டியிருக்கும். மாமாவின் மூத்த மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், ஒரு நாள் ஏறி உட்கார்ந்து முக்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீயரிங்கா, எண்ணெய்ச் செக்கா?" என்று இறங்கிவிட்டான்.

மாமாவுக்கு அதில் பெருமை. "எம்மச்சான் கையைத் தவிர எவன் கைக்கும் இது மசியாது" என்று கம்பெனி வாசல்களில் சொல்லுவார். அப்பா துண்டால் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். வண்டிக்குச் சந்தனம் தெளித்து, மாலை போட்டு, டயருக்கு முன்னால் எலுமிச்சங்காய் வைப்பார்கள். ஓனர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் வண்டிச் சாவியை வைத்து டிரைவரிடம் நீட்டுவார். தட்டை வாங்கி, எலுமிச்சங்காய் மேல் வண்டியை ஏற்றுகிறவர்தான் அடுத்த பூஜை வரைக்கும் அந்த வண்டிக்கு டிரைவர். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அப்பா அந்தத் தட்டைப் பத்து வருஷத்துக்கு மேல் வாங்கினார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த கோடையில் அப்பாவின் கை ஒடிந்தது. ஸ்டீயரிங் வட்டத்துக்குள் பெருவிரலைக் கொடுக்கக் கூடாது என்பது பழைய டிரைவர்கள் விதி. சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் திருப்பி உதைக்கும். வெம்பக்கோட்டை போகும் வழியில் ஓடையில் இறங்கும்போது அது நடந்துவிட்டது. வலது மணிக்கட்டு. வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது. பிடி வரவில்லை. சாப்பாட்டில் குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைய முடியவில்லை என்பது எங்களுக்குச் சில நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. தீபாவளி சீசன் வந்துகொண்டிருந்தது. அப்பா அந்தச் சீட்டில் உட்கார முடியுமா என்பது ஒன்றுதான் அப்போது எங்கள் வீட்டுக் கவலை.

விருதுநகரில் பட்டறை வைத்திருந்த சேசையா மேஸ்திரியிடம் அப்போது ஒரு சாமான் இருந்தது. யாரோ பெரிய மனிதர் வைத்திருந்து கழித்துக்கட்டிய அமெரிக்கக் காரை அவர் மதுரையில் உடைசலாக வாங்கியிருந்தார். அதில் பவர் ஸ்டீயரிங். என்ஜின் ஓட்டத்தில் ஒரு பம்ப் சுற்றும், எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் காரும் இடப்பக்க ஸ்டீயரிங், பிக்கப்புக்கு மாற்றிப் பூட்டத் தோதானது. கூடவே இங்கிலீஷில் ஒரு ரிப்பேர்ப் புத்தகம் கிடைத்தது. படிக்க ஆளில்லாததால் மேஸ்திரி அதன்மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, அதுல என்ன போட்டிருக்குன்னு வாசி" என்றார் அப்பா.

எங்கள் வாத்தியாரிடம் அகராதி இரவல் வாங்கி மூன்று வாரம் வாசித்தேன். வட்ட வட்டமாக டீக்கறை படிந்த பக்கங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் இந்த வார்த்தைகள் ஒன்றுகூட இல்லை. படத்தைப் பார்த்து, வார்த்தையைப் பார்த்து, கழற்றிப் போட்டிருந்த இரும்பைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல மேஸ்திரி தலையாட்டுவார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மாமா பட்டறைக்கு வந்தார். "மாத்துனா எம்புட்டு இலேசாகும்?" என்றார்.

"ஒரு விரலால திருப்பலாம்னு போட்டிருக்கு மாமா."

"யாரு வேணும்னாலும் திருப்பலாமோ?"

"பொம்பளை ஓட்டுற மாதிரி படமே போட்டிருக்கு மாமா" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டிச் சிரித்தேன். மாமா சிரிக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாத்திருவோம் மச்சான். நீங்க கஷ்டப்படக் கூடாது. எங்கக்கா புருசன் இருக்கிற வரைக்கும் அந்தச் சீட்டுல வேற எவன் உக்காருவான்?" என்றார். பட்டறையில் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

பழைய ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றவே ஒரு முழு நாள் ஆனது. புதியதற்குச் சேஸில் துளை சரியாக வரவில்லை. மேஸ்திரி தடித்த தகடு வெட்டித் தாங்கி செய்து இறுக்கினார். பம்பை என்ஜினுக்கு முன்னால் ஏற்றி, பெல்ட் போட்டு, ரப்பர்க் குழாய் இரண்டையும் பூட்டி, எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். சீட்டில் யாருமே இல்லை. ஸ்டீயரிங் தானாகச் சுழன்று ஒரு பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"சேசுவே! பேயி புகுந்துருச்சுய்யா!" என்று மேஸ்திரி கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டுத் துள்ளினார்.

"அமெரிக்காப் பேயா இருக்கும் மேஸ்திரி. தம்பிய விட்டு இங்கிலீஷ்ல பேசச் சொல்லும்" என்றான் ஒரு லோடுமேன்.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் இருந்தது. எண்ணெயை இடத்துக்கும் வலத்துக்கும் பிரித்துவிடும் வால்வு நடுமையத்தில் நிற்காவிட்டால் ஸ்டீயரிங் தானாக ஓடும். போல்ட்டைத் தளர்த்தி வால்வை மயிரிழை நகர்த்த வேண்டும். சொன்னேன். மேஸ்திரி நகர்த்தினார். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது ஸ்டீயரிங் அசையாமல் நின்றது.

அப்பா ஏறினார். பிடி வராத வலது கையால் தொட்டார். நின்ற இடத்தில், ஒரு விரலால், முன்சக்கரம் இரண்டும் பூனைபோலத் திரும்பின. அப்பா என்னைப் பார்த்தார். "என்னலே இது, இட்லி மாவு மாதிரி இருக்கு" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த நாட்களில் அது ஒன்று.

இறங்கும்போது, "அந்தப் பழைய பெட்டிய எனக்குக் குடுத்துருங்க மேஸ்திரி" என்று கேட்டு, கோணிச்சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தார்.

அடுத்த வாரம் மாமா என்னிடம், "மாப்ள, அந்தப் புத்தகத்துல ஓட்டுறவன் கவனிக்க வேண்டியதை எல்லாம் தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடு. எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அப்பாவுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, தாள் யாருக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. குண்டு குண்டான எழுத்தில், நம்பர் போட்டு, இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை வண்டிக்கு மாலை போட்டாயிற்று. அப்பா துவைத்த சட்டை போட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மாமா கற்பூரம் காட்டினார். தட்டை எடுத்தார். வெற்றிலையின் மேல் சாவி இருந்தது. அப்பா கையையும் நீட்டிவிட்டார். தட்டு அவரைத் தாண்டி மாமா மகனிடம் போனது.

"மச்சானுக்குக் கை சரியில்ல. இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் மாமா. எங்களைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னார். அவன் சட்டைப் பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த தாளின் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

நீட்டிய கையை அப்பா அப்படியே கொண்டுபோய் வண்டியின் மட்கார்டில் வைத்தார். "எலுமிச்சங்காய் மேல நேரா ஏத்துடா. ஸ்டீயரிங்க ஒடிச்சுராத" என்று அவனுக்குச் சொன்னார். வண்டி நகர்ந்தது. பிறகு அப்பா வீட்டுக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் நடந்தோம். வழியில் எதிரே வந்தவர்கள், "என்ன, பூஜை முடிஞ்சதா? சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்கள். "ஆச்சு, ஆச்சு" என்றார் அப்பா.

யாராலும் திருப்ப முடியாத ஸ்டீயரிங்தான் அப்பாவின் சீட்டைக் காத்துக்கொண்டிருந்தது. அதை இலேசாக்கிக் கொடுத்தவன் நான். மாமாவுக்கு அவர் மகன், பிழைக்க வழி வேண்டும், எல்லாம் சரி. அதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். கையை நீட்ட வைத்துவிட்டுத் தட்டைத் திருப்பியிருக்க வேண்டாம்.

அப்பா வத்தல் கிட்டங்கியில் காவலுக்குச் சேர்ந்தார். எந்நேரமும் தும்மல். மாதம் ஒரு தடவை அந்தப் பழைய ஸ்டீயரிங் பெட்டியைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்து, கிரீஸ் வைத்து, மறுபடி சுற்றி வைப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே ஆத்திரமாக வரும். "உங்களை விரட்டின வண்டியோட இரும்பு இங்க எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அது வெளிநாட்டுச் சாமான்லே. அங்கன இருக்கிற நோய்க்கு இங்கன மருந்து கிடையாது. அது படுத்தா இதுதான் எந்திரிக்கணும்."

அடுத்த கோடையில் அது படுத்தது. பம்பின் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தது. அந்த சீல் மதுரையிலும் இல்லை, மெட்ராஸிலும் இல்லை. மேஸ்திரி ரப்பரிலும் தோலிலும் வெட்டிப் போட்டுப் பார்த்தார். வெயிலில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கசிந்த எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் சொட்டி வெள்ளையாகப் புகைந்தது. வேறு ஊராக இருந்தால் அதோடு ஓட்டியிருப்பார்கள். இங்கே புகைகிற வண்டியை எந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலில் விடுவார்கள்? "ஏலே, கூறு இருக்கா உனக்கு? புகையோட இங்கன வந்து நிக்கியே! திருப்புலே அங்கிட்டு!" என்று வாட்ச்மேன்கள் மாமா மகனை ரோட்டுக்கே விரட்டினார்கள். ஒவ்வொரு கம்பெனியாக லோடு நின்றது. வண்டி மாமா வீட்டு வாசலில் கோழி அடையும் இடமாயிற்று.

மாமா வரவில்லை. சேசையா மேஸ்திரியை அனுப்பினார். அவர் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, அந்தப் பழைய பெட்டி..." என்றார்.

"குடுக்கக் கூடாது" என்றேன் நான். அப்பா இருக்கும்போது நான் முந்திப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவர் வந்து கேக்கட்டும். நம்ம வாசல்ல நின்னு கேக்கட்டும்."

"வண்டி என்னலே பாவம் பண்ணுச்சு?" என்று அப்பா உள்ளே போய்ச் சாக்கோடு தூக்கி வந்து கொடுத்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. மேஸ்திரி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

பழையபடி பூட்டியதும் பழைய பாரமும் வந்துவிட்டது. மாமா மகன் திணறினான். புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அன்று காலை மாமா, அத்தையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, அதன்மேல் சாவி.

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வரவில்லை.

"மச்சான், நடந்ததை மனசுல வச்சுக்காதீக. உங்க கையைத் தவிர எவன் கைக்கும் அது மசியாதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார் மாமா. அந்தப் பழைய பெருமைப் பேச்சு அன்று கெஞ்சலாகக் கேட்டது.

அப்பா தட்டை வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. அதற்குக் கீழே இருந்த வெற்றிலையையும் பாக்கையும் மட்டும் மெதுவாக உருவி எடுத்தார். மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பயலை நல்லாப் பழகச் சொல்லுங்க மாப்ள. பெருவிரலை வெளிய வச்சுக்கச் சொல்லுங்க. நீங்க சாப்பிட்டுப் போங்க" என்றார்.

மாமா சாவி மட்டும் கிடந்த தட்டோடு நின்றார். அம்மா அப்போதுதான் இலை போட்டார்.

அதற்குப்பின் அப்பா இரண்டு வருஷம் இருந்தார். வத்தல் நெடி நெஞ்சில் தங்கிவிட்டது என்று சொன்னார்கள். கடைசி மாதம் படுக்கையில் இருந்தார். வலது கை மட்டும் போர்வைக்கு மேலே கிடக்கும். இடிச்சத்தமோ லாரிச் சத்தமோ கேட்டால் விரல்கள் மடங்கும், பெருவிரல் மட்டும் வெளியே நிற்கும். ஒரு விடியற்காலை அந்த அசைவும் அடங்கியது.

அன்று முதலில் ஓடிவந்தவர் மாமா. எல்லோரையும்விடக் கூடுதலாக அழுதவரும் அவர்தான். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். பதினாறாம் நாள் தாய்மாமன் முறைக்கு அவரே என் தலையில் உருமால் கட்டினார். தட்டைத் திருப்பிய அதே கைகள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் சேசையா மேஸ்திரி என்னைத் தனியே அழைத்து ஒன்று சொன்னார். "ஸ்டீயரிங் மாத்துறதுக்கு மொத நாளே உங்கப்பாகிட்டச் சொன்னேம்ப்பா. பாரம் இருக்கிற வரைக்கும்தான் உம்ம சீட்டு, இலேசாச்சுன்னா வேற ஆளு ஏறிருவான்னு. 'தெரியும் மேஸ்திரி'ன்னாரு. 'எம்மவன் மூணு வாரமா கண்ணு வலிக்க வாசிச்சிருக்கான். அவன் படிச்சது பலிக்குதான்னு பாத்துருவோம்'னாரு."

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மாமா மேல் இருந்த கோபம் குறையவில்லை. அப்பா மேலும் கோபம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே அந்தப் புத்தகத்தை மூடியிருப்பேன். நீங்கள் சிரித்தீர்கள் அப்பா. அந்தச் சிரிப்பை நம்பித்தானே நான் அந்தத் தாளையும் எழுதிக் கொடுத்தேன். தெரிந்துகொண்டே என்னைச் சந்தோஷப்பட விட்டீர்களே, அது நியாயமா?

இனி நன்றி சொல்ல வேண்டும். கடைசி மாதம் அப்பாவுக்குத் துடைத்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கே வந்து ஊசி போட்ட மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவுக்கு எங்கள் வணக்கம். கிட்டங்கி வேலையை நிறுத்திவிட்டுப் பாடை தூக்க வந்த லோடுமேன் அண்ணன்மார்களுக்கும், அகராதியைத் திரும்பக் கேட்காமலே விட்டுவிட்ட வாத்தியாருக்கும் நன்றி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த மலருக்கு எழுத்துக் கோத்துத் தந்த அச்சகத் தோழர்களுக்கும் நன்றி. தாமதமாகவாவது உண்மையைச் சொன்ன சேசையா மேஸ்திரிக்கும் நன்றி.

மாமாவுக்கு: அப்பா உங்கள் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அதனால் இந்த மலரின் முதல் பிரதி உங்கள் வீட்டுக்கு வருகிறது, நானே கொண்டுவந்து தருவேன். சாவியை அவர் தொடவில்லை. அதனால்தான் நடந்ததை மறைக்காமல் இப்படி எழுதினேன்.